கழித்தல் தொண்ணூறு

வடக்கன்குளத்தில் கத்திரி பிறந்து ஆறாவது நாள்.
ஜன்னலில் தெரிகிற மூன்று காற்றாலைகளும்
கை விரித்தபடி சும்மா நிற்கின்றன.
மேஜை மேல் மட்டும் ஒரு விசிறி
மாவு மில்லாக இரைகிறது,
என் லேப்டாப்புக்குள்.

தொண்ணூற்றேழு டிகிரி.
திரை மூலையில் சிவப்பாய் எழுதியிருக்கிறது.
பணகுடி ரோஸ்லின் கல்யாண வீடியோ
முப்பத்தெட்டு சதவீதத்தில் திணறுகிறது.
தாலி கட்டக் கையைத் தூக்கிய மாப்பிள்ளை
தூக்கியபடியே நிற்கிறார்.
ஞாயிற்றுக்கிழமைக்குள் பென்டிரைவ் கொடுக்கணும்.

புதுசு வாங்கிரு என்கிறார் ஸ்டூடியோ டெல்வின்.
வாங்கலாம்,
இன்னும் முப்பது ரோஸ்லின்கள் கல்யாணம் முடித்தால்.

அடிமூடியைக் கழற்றித் தூசி ஊதினேன்.
பேஸ்ட் மாற்றினேன். இரண்டு டம்ளரைக் கவிழ்த்து
அதன் மேல் ஏற்றி வைத்தேன்.
தொண்ணூற்றைந்து.
இனி வோல்டேஜில்தான் கை வைக்க வேண்டும்.

ஒவ்வொரு சில்லுக்கும் அளவெடுக்க
தொழிற்சாலைக்கு நேரமிருக்காது.
வளருகிற பிள்ளைக்குப் போல
இரண்டு அங்குலம் கூட விட்டுத் தைத்து அனுப்பிவிடும்.
என் சில்லு வளரப்போவதில்லை.
பிடித்துத் தைக்கலாம்.

கழித்தல் முப்பது மில்லிவோல்ட்.
ஒன்றும் ஆகவில்லை. தொண்ணூற்று மூன்று.
கழித்தல் அறுபது. எண்பத்தெட்டு.
பால் கணக்கு நோட்டின் பின்பக்கம் எழுதுகிறேன்.
இந்த வீட்டில் கழித்தல் குறி போட்டு
ஒரு நல்லது நடப்பது இதுதான் முதல் தடவை.

ஏழு மணிக்குத் தெருவே மஞ்சளாகும்.
குழல்விளக்கு கண் சிமிட்டிச் சிமிட்டி எரியாமல் போகும்,
மிக்ஸி தேங்காயைத் தடவிக் கொடுக்கும்.
சுற்றிலும் காற்றாலை, எங்கள் தெருவில் லோ வோல்டேஜ்.
கூட்டித் தரச் சொல்லி
எழுபத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்ட மனுவில்
மூன்றாவது கையெழுத்து என்னுடையது.

டிரான்ஸ்பார்மரைப் பார்க்க வந்த
லைன்மேன் சுயம்புலிங்கம் தண்ணீர் கேட்டார்.
செம்பை வாங்கிக்கொண்டு திரையை எட்டிப் பார்த்தார்.
என்ன செய்கிறேன் என்று சொன்னேன்.
'ஊரே கூட்டித் தாங்குது,
நீங்க ஒரு ஆளு கொறைக்கியளோ?
ரிஜிஸ்டர்ல எழுதிரட்டா?'
'எழுதுங்க. மில்லின்னு சேர்த்து எழுதுங்க.'
சிரித்ததில் அவருக்குப் புரையேறியது.

கழித்தல் நூற்றிருபதில் திரை உறைந்தது.
பிறகு நீலம். பிறகு கறுப்பு.
செத்துவிடவில்லை, மயக்கம்தான்.
அணைத்துப் போட்டால்
நான் சொன்னதையெல்லாம் மறந்துவிட்டு
பழைய அளவிலேயே எழுந்துகொள்கிறது.
அந்த மறதியை நம்பித்தான்
இத்தனை துணிச்சல் எனக்கு.

கழித்தல் நூறு: இருபது நிமிடம் ஓடியது,
இருபத்தோராவதில் விழுந்தது.
நோட்டில் அடித்தேன்.
கழித்தல் தொண்ணூறு.
முழுப்பாரம் ஏற்றிவிட்டு, சோறு வடித்து,
மீன் கழுவி, சட்டியை அடுப்பில் வைத்து
ஈரக்கையோடு வந்து பார்த்தேன்.
எண்பத்திரண்டு. எண்பத்தொன்று. எண்பத்திரண்டு.

வேகம் கூடத்தான் செய்திருந்தது,
சூட்டுக்குப் பயந்து பதுங்கும் வேலை இல்லாததால்.
இவ்வளவு நாளும் வாங்கித் தின்ற உபரியெல்லாம்
விசிறிச் சத்தமாய்
என் தொடையைச் சுட்ட சூடாய்
வெளியேறியிருக்கிறது.

இரவு இரண்டு பத்துக்குத் தாலி ஏறியது.
ரோஸ்லின் குனிந்தபடி சிரித்தாள்.
மனுவுக்குப் பதில் வந்திருந்தது பகலில்:
பரிசீலனையில் உள்ளது.

படுக்கப் போயிருக்கலாம்.
போகாமல் அந்த எண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அறுபத்தொன்று. ஐம்பத்து நாலு. நாற்பத்தாறு.
அப்புறம் மெதுவாக, மிக மெதுவாக.
அறையில் முப்பத்து நாலு.
அதற்குக் கீழே அதுவும் இறங்க முடியாது,
நானும்.